நிழலில் இருக்கும் மூக்கு

வாரத்தில் ஆறு நாள் கல்லுக்கு மெருகு போடுகிறவன்.
ஏழாம் நாள் நான் மைக்கேலாஞ்சலோ.

பர்கூர் ரோட்டில் பட்டறையின் பின்கட்டு, சாம்பிள் அறை.
டியூப் லைட் இரண்டையும் அணைத்துவிட்டு
ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைப்பாள் எமல்டா.
எலத்தகிரிக்காரி. சென்னையில் படித்தவள்.
"தாடையை இறக்குங்க. மூச்சு விடலாம்."

முதலாளி இத்தாலி போய் வந்திருந்தார்.
கல் வாங்குகிறவன் வீட்டுச் சாப்பாட்டு அறையில்
ஐந்து படங்கள் மாட்டியிருந்ததாம்.
ஐவரும் ஓவியர்கள், பெரிய கைகள்.
அவர்களை வரைந்தவர்களோ
அவர்கள் செத்து இருநூறு வருஷம் கழித்துப் பிறந்தவர்கள்.
பார்க்காத முகத்துக்கு அத்தனை மரியாதை:
கோடு பிசகாமல், உடுப்பின் மடிப்பு கலையாமல்,
கோயில் தூண் மாதிரி நிறுத்தி.
"எனக்கும் அதே மாதிரி அஞ்சு" என்றார்.

ஆள் தேடினாள்.
மாங்கூழ் ஆலையில் எடை போடும் சின்னராஜப்பாவுக்குத் தாடி இருந்தது,
லியனார்டோ ஆனார்.
ரஃபேலுக்கு ராயக்கோட்டை பஸ் கண்டக்டர்,
வெட்கத்தில் எப்போதும் ஒரு பக்கம் சாய்கிற கழுத்து.
டிஷியனுக்குக் கறிக்கடை ரஹ்மத்துல்லா.
சிவப்பை யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.
ஐந்தாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

என்னிடம் கேட்டது ஒன்றுதான்:
"மூக்கு எப்படி?"

வேப்பனப்பள்ளிப் பக்கம் எருதுவிடும் விழா.
பதினெட்டு வயசு.
செவலையின் கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்கப் பாய்ந்தேன்.
தட்டி கைக்கு வந்தது,
கொம்பு மூக்குக்கு.

அவள் சிரிக்கவில்லை.
அந்த ஆளுக்கும் உடைந்ததுதானாம்,
சின்ன வயதில், கூட வேலை கற்றவன் விட்ட குத்தில்.
கோணல் மூக்கோடுதான் எழுபது வருஷம் கல் கொத்தினாராம்.
என்னுடையது மாடு. அவருடையது மனுஷன்.
பாவமாக இருந்தது.

ஏழு ஞாயிறு.
தோளில் பழைய பெட்ஷீட்டை மடிப்பு வைத்துப் போட்டுவிடுவாள்.
சும்மா உட்காருவது பலகை தூக்குவதைவிடக் கஷ்டம்.
கண்ணெதிரே ஏற்றுமதிக்கு நிற்கும் ஊதாக்கல்.
அதற்கு அங்கே பாரடிசோ என்று பேர். சொர்க்கமாம்.
சொர்க்கத்தை இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் அறுத்து அனுப்புகிறோம்,
தூசி நெஞ்சில் நிற்கிறது.

எட்டாம் ஞாயிறு முதலாளி வந்தார்.
லியனார்டோ பரவாயில்லை. கண்டக்டர் அழகு.
என் முன்னால் நெடுநேரம் நின்றார்,
பார்த்தது படத்தை.
"இந்தக் கோணல் எதுக்கும்மா?
நாலு பேர் வந்து சாப்பிடுற இடம்.
பெரியவங்களை வரையறப்ப குறை வைக்கலாமா?"
எமல்டா வாய் திறந்தாள்.
வாங்கிய அட்வான்ஸ் ஞாபகம் வந்திருக்க வேண்டும்,
மூடினாள்.

அடுத்த வாரம் எனக்கு நேர் மூக்கு.
நெற்றியிலிருந்து ஒரே கோடாக இறங்கியது.
அம்மா பெற்றுப் போட்ட மூக்கு
எப்படி இருந்தது என்று எனக்கே மறந்திருந்தது.
இதுவாகவும் இருக்கலாம்.
என் தோளோடு
யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

மாங்காய் சீசனில்
சமையல் மேடைக்கு அளவெடுக்க அந்த வீட்டுக்குப் போனேன்.
சாப்பாட்டு அறை வழியாகத்தான் போக வேண்டும்.
தண்ணீர் கொடுத்த அம்மா
படத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்,
சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் கண்டேன்.
படத்துக்குள், எனக்குப் பின்னால்,
சுவரில் விழுந்திருக்கும் நிழல்:
நெற்றி, ஒரு மேடு, அடுத்து ஒரு பள்ளம்,
நசுங்கிய முனை.
மாடு வந்த வழி அப்படியே இருந்தது.
நிழலை யார் சரிபார்க்கிறார்கள்?

டேப்பை நீட்டினேன். ஏழடி இரண்டு அங்குலம்.
மூலையில் சுவர் கால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தது.
"பூச்சைச் செதுக்கி நேர் பண்ணட்டுமா?" என்றான் கூட வந்தவன்.
வேண்டாம் என்றேன்.
கோணலுக்குத் தகுந்தபடி
கல்லை வெட்டச் சொன்னேன்.